அரைஞாண் கயிற்றின் சாம்பல்

அந்த வருசம் நெல்லிக்கரட்டில் தீ வருவதற்கு முன்னாலேயே சாம்பல் வந்துவிட்டது. பங்குனி பிறந்து, மலைச்சரிவில் ஆளுயரப் புல்லெல்லாம் காய்ந்து, காற்று தொட்டால் சலசலக்கிற, இலவங்காய் மரத்திலேயே வெடித்துப் பஞ்சு ஊரெல்லாம் பறக்கிற ஒரு காலையில், வாசல் தெளிக்க வாளியோடு வெளியே வந்த ராமுத்தாயின் காலடியில் முறத்தகலத்துக்கு ஒரு சாம்பல் ஏடு கிடந்தது. அதில் தாமரைப் பூ ஒன்று செதுக்கியது செதுக்கியபடி இருந்தது, பூவில் ஓர் இதழ் இல்லை, அந்த இதழைப் போன வருசம் கல்லெறிந்து உடைத்தது அவள் மகள் கோமதிதான். ராமுத்தாய் சாம்பலைப் பார்த்தாள், திரும்பித் தன் வீட்டுத் தலைவாசல் கதவைப் பார்த்தாள். கதவு எண்ணெய் மினுமினுப்போடு, இதழ் இல்லாத தாமரையோடு, முழுசாக நின்றது.

ஊரே அப்படித்தான் விடிந்திருந்தது. அவரவர் வீட்டில் இனிமேல் எரியப் போவதெல்லாம் அவரவர் வாசலில் சாம்பலாக வந்து கிடந்தது, கட்டில் கட்டிலாக, பாய் பாயாக, காலண்டர் முருகன் மயிலோடும் வேலோடும். விரல் பட்டால்தான் உதிர்ந்தது. உலகத்தில் வேறெந்த ஊராக இருந்தாலும் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பார்கள். நெல்லிக்கரடு அப்படிப்பட்ட ஊர் இல்லை, அது எதற்கும் அசையாத ஊர், பின்னால் நிற்கிற மலைக்கரடு நகர்ந்தாலும் நகரும், இவர்கள் நகர மாட்டார்கள். முதல் நாள் ஆச்சரியப்பட்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பவுன்தாயி தன் வீட்டுக் கட்டிலின் சாம்பலை அள்ளிப் பித்தளைக் குடத்தைத் தேய்த்துப் பார்த்து, "அடியே, தேக்குச் சாம்பல் பளபளன்னு வெளக்குதுடி" என்று சந்தோசப்பட்டாள். பூசாரி மொக்கையன் கோவில் வாசலில் விழுந்ததைத் தட்டில் அள்ளி வைத்து, வருகிறவர்கள் நெற்றியில் பூச ஆரம்பித்தார். டீக்கடைக்காரர் கிளாசில் விழாமல் இருக்கத் தார்ப்பாய் கட்டினார், அத்தோடு அவருக்குப் பிரச்சினை தீர்ந்தது. மாப்பிள்ளை பார்க்க வந்த ஒரு பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டு வாசலில் குனிந்து நின்று, என்னென்ன சாமான் இருக்கிறது என்று சாம்பலை வைத்தே கணக்குப் போட்டார்கள். பீரோ இல்லையே என்று பெண்ணின் மாமா முகம் சுளிக்க, பீரோ இரும்பு, இரும்பு எப்படிச் சாம்பலாகும் என்று மாப்பிள்ளையின் சித்தப்பா பாய, நல்ல சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்தது.

ராமுத்தாய்க்கு மட்டும் வயிறு எரிந்தது. எரியப் போகிறது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லியனுப்புகிற தீ எங்கே கிடைக்கும், அதைக் கேட்டு நடக்க ஒருத்தருக்கும் துப்பில்லையே என்று அவள் குழம்பு கொதிக்கும்போதும் புலம்பினாள், துணி துவைக்கும்போதும் புலம்பினாள். காட்டிலாகாவில் காவலராக இருந்த ராயப்பன் மலையிறங்கி வந்து, வீட்டைச் சுற்றி அகலமாகச் சருகு கூட்டுங்கள், புல்லை அறுத்து மண் தெரிய விடுங்கள், கூரையோரம் விறகு அடுக்காதீர்கள், முக்கியமான காகிதங்களைப் பையில் போட்டு எடுக்கத் தோதாக வையுங்கள், விசில் சத்தம் கேட்டதும் கீழே தார்ரோட்டுப் பாலத்துக்கு வந்து சேருங்கள் என்று தொண்டை வறளச் சொன்னார். ஊர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தது.

ராமுத்தாய் அரிவாளை எடுத்தாள். முதலில் வைக்கோல் படப்பு. வீட்டுச் சுவரை ஒட்டி நின்ற படப்பைப் பிரித்து, ஆள் பிடித்துச் சுமந்து, தார்ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு போய்ப் போட்டாள். மறுநாள் வாசலில் கதவு விழுந்திருந்தது, உத்திரம் விழுந்திருந்தது, பாய் தலையணை எல்லாம் விழுந்திருந்தது, வைக்கோல் சாம்பல் ஓர் இழைகூட இல்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த ஆளின் சந்தோசம் அவளுக்கு வந்தது. எதை அப்புறப்படுத்துகிறோமோ அது எரியாது, எரியாதது சாம்பலாக விழாது. இதைவிடச் சுலபமாக ஒரு கணக்கு உண்டா என்று அவள் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னாள்.

"எல்லாத்தையும் அப்புறப்படுத்திட்டா பாத்திரம் வெளக்குறதுக்கு எங்கடி போறது?" என்றாள் பவுன்தாயி. அவள் கேலிக்குச் சொல்லவில்லை.

ஆகவே ராமுத்தாய் தன் வீட்டோடு நிறுத்திக்கொண்டாள். குளியலறைக்குப் போட்டிருந்த தென்னங்கீற்றைப் பிரித்தெறிந்தாள். முள்வேலியைப் பிடுங்கினாள். அவள் புருசன் வெளியப்பன் விலை ஏறட்டும் என்று உள்ளறையில் கூரை முட்ட அடைத்து வைத்திருந்த இலவம்பஞ்சு மூட்டைகளை, அவன் கத்தக் கத்தக் கேட்காமல், போடியில் இருக்கிற தம்பி வீட்டுக்கு வண்டியேற்றினாள். ஒவ்வொன்று போகப் போக வாசலில் சாம்பல் குறைந்தது. கடைசியில் சில்லறைச் சாமான் போகக் கதவும் உத்திரமும்தான் மிச்சம், மேலைச் சரிவிலிருந்து வீட்டுப் பின்பக்கம்வரை ஒரே புல்லாக நின்றதுதான் காரணம், அதையும் அறுத்துவிட்டால் ஒருவேளை வீடே தப்பிக்கும் என்று கணக்குப் போட்டபடி அவள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டு வந்தாள். கையெல்லாம் கீறல். வெளியப்பன் கட்டிலில் சாய்ந்தபடி, "தீ வந்து பாத்துட்டு, இங்க நமக்கு வேல இல்லேன்னு திரும்பிப் போயிரும் போலருக்கே" என்பான்.

அப்படி ஒரு காலையில்தான் சட்டை விழுந்தது.

காலர் தெரிந்தது, உருகிய பொத்தான்கள் தெரிந்தன, பையோரம் கிழிந்த இடத்தில் அவளே போட்ட தையல், அவசரத்தில் கோணலாகப் போனது, அந்தக் கோணல்கூட அப்படியே தெரிந்தது. ராமுத்தாய் உள்ளே ஓடி, கொடியில் கிடந்த அந்தச் சட்டையை உருவிக்கொண்டு போய்ப் பழைய துணிக்காரனிடம் போட்டாள். மறுநாள் வேறு சட்டை விழுந்தது, அப்போது அவன் உடம்பில் கிடந்த சட்டை. அவள் வீட்டிலிருந்த அத்தனை சட்டையையும் தம்பி வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள். வெளியப்பன் வெறும் மேலோடு துண்டைப் போட்டுக்கொண்டு திரிந்தான். மறுநாள் விடிந்ததும் துண்டு விழுந்தது, வேட்டி விழுந்தது, அவற்றுக்கு நடுவே கறுப்பாக, வட்டமாக, முடிச்சோடு, அவன் இடுப்பு அரைஞாண் கயிறு விழுந்து கிடந்தது.

வேட்டியைக் கழற்றுவான், துண்டைக் கழற்றுவான், அரைஞாண் கயிற்றை உயிரோடு இருக்கிற எந்த ஆம்பளையும் கழற்றி வைத்துவிட்டுப் போக மாட்டான். அது எரிந்தால் ஆளோடுதான் எரியும். ராமுத்தாய் கையிலிருந்த வாளி தண்ணீரோடு சாய்ந்தது. கயிறு அந்த ஈரத்தில் கரைந்து போனது.

"ஏங்க, தீ வந்தா நீங்க எதுக்காகவோ வீட்டுக்குள்ள போகப் போறீக. எதுக்குன்னு சொல்லுங்க, இப்பவே அதத் தூக்கிப் போட்ருவோம்" என்றாள்.

"எரியிற வீட்டுக்குள்ள எவனாச்சும் போவானா? எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"கயிறு விழுந்திருக்குங்க."

"விழட்டும். கயிறுதான."

அவள் டிவியை அப்புறப்படுத்தினாள். மாமனார் போட்டோவை ஆணியோடு பிடுங்கினாள். பைக்கை ரோட்டோரம் நிறுத்தச் சொன்னாள், ஆடுகளைத் தங்கச்சி ஊருக்கு ஓட்டினாள், கோமதியின் புத்தகப் பையைப் பள்ளிக்கூடத்திலேயே வைக்கச் சொன்னாள். வீடு கல்யாண மண்டபமாக எதிரொலித்தது. கயிறு தவறாமல் விழுந்தது.

இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், வெளியப்பனுக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்தது. டீக்கடையில் முதல் கிளாஸ் அவனுக்கு வந்தது. கறி எடுத்தால் ஈரலை ஒதுக்கி வைத்தார்கள். வரப்புத் தகராறில் பேசாமல் இருந்த பங்காளிகள் தேடி வந்து பேசினார்கள். நல்ல மனுசன், எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன் என்று அவன் காது படவே ஊர் அவனைப் புகழ்ந்தது. மற்றவர்களுக்கெல்லாம் செத்த பிறகு கிடைப்பது இவனுக்கு இருக்கும்போதே கிடைத்தது, அவனும் மீசையைத் தடவிக்கொண்டு அதை ருசித்தான். பவுன்தாயி ராமுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னத்தா செய்ய, எழுதுனது அம்புட்டுத்தான்" என்று மூக்கைச் சிந்தினாள். மொக்கையன் பூசணிக்காய் உடைக்கச் சொன்னார். எல்லாருக்கும் அழத் தெரிந்தது, எல்லாருக்கும் பரிகாரம் தெரிந்தது. பின்பக்கம் வந்து புல் அறுத்துக் கொடுக்க ஒரு கை வரவில்லை. ராமுத்தாய்க்கு ஊரையே நாலு சாத்து சாத்தலாம் என்றிருந்தது.

ராயப்பன் ஒரு பகல் பொழுதில் ஒத்திகை வைத்தார். விசில் ஊதுவேன், எல்லாரும் பாலத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான் என்றார். விசில் ஊதினார். எல்லாரும் வந்தார்கள். வந்ததும், வந்தவர்களில் பாதிப் பேர் மறுபடி மேலே ஓடினார்கள்.

இங்கே நெல்லிக்கரட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புறப்படுகிற ஆளை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். நெல்லிக்கரட்டில் அது முற்றிப் போய், கேட்காததோடு, போகிறவர்களும் சொல்வதில்லை. புருசன் பெண்டாட்டியிடம் சொல்வதில்லை, அண்ணன் தம்பியிடம் சொல்வதில்லை, "வாரேன்" என்ற ஒரு சொல்லோடு எழுந்து போய்விடுவார்கள். யார் தோட்டத்தில், யார் சந்தையில், யார் ஓடையில் என்று யாருக்கும் தெரியாது. மற்ற நாளில் அதனால் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. விசில் ஊதியதும்தான், பாலத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் தன் வீட்டு ஆள் ஒன்று குறைந்தது. குறைந்த ஆள் எங்கே இருக்கும் என்று தெரியாததால், வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து அத்தனை பேரும் திரும்பி ஓடினார்கள்.

ராமுத்தாய் ஒழுங்காகத்தான் எல்லாம் செய்தாள். சன்னல்களைச் சாத்தினாள், சிலிண்டரை மூடினாள், கதவில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாள், பின்பக்கமாகப் போய்த் தொட்டிக்கு மோட்டாரைப் போட்டாள், அங்கிருந்து ஓடைத்தடம் வழியாக இறங்கிப் பாலத்துக்கு வந்தாள். வெளியப்பனைக் காணோம். கொஞ்சம் கழித்து அவன் மேலேயிருந்து வந்தான், வேர்த்து ஊற்றி, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? இங்க வந்து பாத்தா ஆளக் காணோம், திரும்ப ஓடி உள்ளறை, அடுப்படி, பரண்மேல எல்லாம் தேடிட்டு வாரேன்! உள்ள கெடந்து பொசுங்கிப் போயிருப்பியோன்னு..."

அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே, காற்றில்லாத அந்த வெயிலில், கறுப்பாக ஒரு வட்டம் ஆடி ஆடி இறங்கி அவன் தோளில் உட்கார்ந்தது.

ராமுத்தாய்க்கு அப்போது விளங்கியது. பஞ்சு இல்லை, டிவி இல்லை, அப்பன் போட்டோ இல்லை. அவன் உள்ளே போகப் போவது அவளைத் தேடி. எல்லாவற்றையும் வீட்டைவிட்டு வெளியே எறிந்தவள் தன்னை மட்டும் எறியவில்லை. அவளுடைய சேலைச் சாம்பல் ஒருநாளும் விழவில்லை, அவள் ஈரச்சாக்கு, மோட்டார் என்று கடைசிவரை மாரடித்துவிட்டு ஓடை வழியாகத் தப்பித்துவிடுவாள், அவன் தலைவாசல் வழியாக உள்ளே போவான்.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இத்தனை வருசத்தில் ஒரு முழம் பூ வாங்கி வந்தது கிடையாது, ஒரு நல்ல வார்த்தை கிடையாது, இவனுக்குள் இப்படி ஒன்று இருந்ததை ஒரு சாம்பல் வந்து சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவள் பாலத்துக் கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தீ வந்தா என்னைத் தேடி வராதீக. நான் பாலத்துல இருப்பேன்" என்று அன்றைக்குச் சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"சரி சரி."

அந்தச் "சரி சரி"யை அவளுக்குத் தெரியும். மறுநாள் கயிறு விழுந்தது. மகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள், அவன் வாய் நிறையச் சத்தியம் செய்தான், மறுநாளும் கயிறு விழுந்தது. எங்கே இருப்பேன் என்று தினமும் சொல்லிவிட்டுப் போகிறேன், நீங்களும் சொல்லிவிட்டுப் போங்கள் என்றாள். "காடுகரைக்குப் போற மனுசன எங்கேன்னு கேக்குறியே, வெளங்குமா?" என்று அவன் சண்டைக்கு வந்தான். கயிறு விழுந்துகொண்டே இருந்தது.

கடைசியில் ராமுத்தாய் முக்கியக் காகிதங்கள் வைத்திருந்த பையைத் தோளில் மாட்டினாள், கோமதியைக் கையில் பிடித்தாள், பாலத்துக்குப் பக்கத்துப் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். ஊரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற இடம் அது. அவள் போகும்போது பின்பக்கப் புல் பாதிதான் அறுபட்டிருந்தது.

ஊருக்குத் தீனி கிடைத்தது. "புருசன்கூடக் கோவிச்சுக்கிட்டுச் சாலை மறியல் பண்றா" என்றார்கள். பேருந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சமாதானம் பேச மொக்கையன் வந்தார், பவுன்தாயி வந்தாள், முன்பு பேசாதிருந்த பங்காளிகளும் வந்தார்கள். வெளியப்பன் முதலில் வரவில்லை, பிறகு வந்தான், முகம் சிவந்து.

"மானம் போகுதுடி. வீட்டுக்கு வா."

"வரமாட்டேன்."

"சோறு?"

"டீக்கடை அடுப்புல பொங்கித் தாரேன். இங்க வந்து தின்னுட்டுப் போங்க."

"அந்தப் புல்லையாச்சும் வந்து அறுடி. பாதியில விட்டா வீடு போயிரும்னு நீதான சொன்ன!"

"நீங்க அறுங்க."

அவன் துண்டை உதறிக்கொண்டு போனான். அவன் அறுக்கவில்லை. ஈரல் தின்று பழகிய உடம்பு, குனிய மறுத்துவிட்டது.

கோமதி பள்ளிக்கூடம் போகுமுன் வீட்டு வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்த்து வந்து சொன்னாள். "அப்பா கயிறு விழலைம்மா. கதவுதான் நெறைய விழுந்திருக்கு." ராமுத்தாய் மகளைக் கட்டிக்கொண்டாள். கதவுக்காக அழவும் செய்தாள், பொய் சொல்வானேன். ராமுத்தாயின் அப்பா தேடித் தேடி வாங்கிக் கொடுத்த மரம் அது. புங்கமரத்தடியில் உட்கார்ந்தால் எதிரே தெரிவது அந்த வீடும், வீட்டுக்குப் பின்னால் அறுபடாத புல்லும்தான். கை அரித்தது. ஒருநாள் தாங்க முடியாமல், ஒரு பாத்தி மட்டும் அறுத்துவிட்டு வந்துவிடலாம் என்று அரிவாளோடு மேலே போனாள், வெயில் சாயுமுன் திரும்பியும் விட்டாள். மறுநாள் கோமதி மூச்சிரைக்க ஓடி வந்து, கயிறு விழுந்திருக்கிறது என்றாள். ராமுத்தாய் அரிவாளைத் தூக்கி ஓடையில் எறிந்தாள்.

அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. வீடா, ஆளா என்று யாராவது கேட்டால் எல்லாரும் ஆள் என்றுதான் சொல்வார்கள், அதில் என்ன இருக்கிறது. வீட்டைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு, ஓர் அரிவாள் வீச்சில் அதைக் காப்பாற்றலாம் என்று தெரிந்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். சும்மா இருக்கிற வேலையைப் போலப் பெண்டை நிமிர்த்துகிற வேலை வேறில்லை என்று அவள் அந்தப் புங்கமரத்தடியில் தெரிந்துகொண்டாள்.

தீ சித்திரையில் ஒரு மத்தியானம் வந்தது. மேற்கேயிருந்து காற்று ஏறி, கரடு முழுக்க ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டு இறங்கியது. ராயப்பன் விசிலை விடாமல் ஊதினார். கீழே வந்தவர்கள் வழக்கம்போலத் தேடித் தவித்தார்கள், மறுபடி ஏறப் பார்த்தார்கள், ராமுத்தாய் பாலத்துக் கட்டைமேல் ஏறி நின்று, "பவுன்தாயி மகன் ரோட்டுல நிக்கான்! மொக்கையன் சித்தப்பா வந்துட்டாரு! ஏறாதீக, ஏறாதீக!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். இத்தனை நாள் அங்கே உட்கார்ந்திருந்ததில், யார் எந்தப் பக்கம் போகிறார்கள், வருகிறார்கள் என்பது ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. புருவம் கருகியவர்கள் உண்டு, கால் சுட்டவர்கள் உண்டு, ஆள் எல்லாம் வந்து சேர்ந்தது.

வெளியப்பன் மேலைத் தோட்டத்தில் இருந்தான். புகைக்குள்ளிருந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். தன் வீட்டு வழியாகத்தான் வந்தான், உத்திரம் பிடித்து எரிந்துகொண்டிருந்தது, தலைவாசல் திறந்து கிடந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெண்டாட்டி எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், ரோட்டில் உட்கார்ந்து மானத்தை வாங்கிக்கொண்டிருக்கிறாள். நேரே பாலத்துக்கு வந்து, இருமி, கோமதியின் தலையைத் தடவி, "தண்ணி குடு" என்றான்.

தீ அடங்கிய பிறகு போய்ப் பார்த்தபோது, எரிந்த வீடுகள் நின்ற இடமெல்லாம் கூட்டி மெழுகியது மாதிரி சுத்தமாக இருந்தது. சாம்பல் ஒரு சிட்டிகைகூட இல்லை, அதுதான் முன்னமே விழுந்து தீர்ந்துவிட்டதே.

மழைக்கு முன்னால் தகரம் போட்டுக்கொண்டார்கள். வாழ்க்கை பழையபடி ஓடியது. வெளியப்பனுக்கு வந்துகொண்டிருந்த ஈரல் நின்றது, அந்தக் கடுப்பு அவனுக்கு உள்ளுக்குள் இருந்தது. அதை அவன் வேறு விதமாகச் சொன்னான். டீக்கடையில் சொன்னான், சந்தையில் சொன்னான், விருந்தாளி வந்தால் வேட்டி மடிப்பை விலக்கிக் காட்டிச் சொன்னான்.

"கயிறு விழுந்துச்சாம், கயிறு! இந்தா, இடுப்புலதான் கெடக்கு. எந்தத் தீயும் என்னை ஒண்ணும் பண்ணல. மத்த சாம்பலெல்லாம் நெசம், இந்தக் கயித்துச் சாம்பல் மட்டும் சுத்தப் பொய். அதை நம்பி இவ ரோட்டுல போய் உக்காந்தா. பின்னாடி புல்லை மட்டும் அறுத்திருந்தா, இன்னிக்கு அந்தக் கதவு நிக்கும்."

ஊர் ஆமாம் போட்டது. பவுன்தாயி முதல் ஆளாகப் போட்டாள். வீட்டை எரிய விட்டவள் என்று ராமுத்தாய்க்குப் பெயர் நிலைத்தது. அவள் எதைக் காட்டி நிரூபிப்பாள்? செத்திருந்தால் காட்டலாம். சாகாத ஆள் எதிரே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டு, சாகவில்லையே என்று அவளையே குற்றம் சொல்கிறான்.

"அந்தப் புல்லை மட்டும் அறுத்திருந்தா..." என்று அவன் தகரக் கொட்டகையில் மறுபடி ஆரம்பித்தான்.

கரண்டியை அவன் மண்டையில் வீசலாம் என்று ராமுத்தாய்க்குக் கை துடித்தது. வீச ஒரு மண்டை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, கரண்டியில் இருந்த குழம்பை அவன் தட்டில் ஊற்றினாள்.